ஒன்பது மணி நேரக் காற்று

ஐந்தரை ஆம்பியர். ஒன்பது மணி நேரம். ஐந்தரையை ஒன்பதால் பெருக்கினால் நாற்பத்தொன்பதரை, ஐம்பது என்றே வைத்துக்கொள்ளலாம். பேட்டரியின் கொள்ளளவு நூறு ஆம்பியர்-மணி. அதில் பாதிக்கு மேல் இறக்கினால் கெட்டுப்போகும். பாதி என்றால் ஐம்பது. ஆக, ஐம்பதுக்கு ஐம்பது. வேனுக்குள் அடித்திருந்த பலகைப் படுக்கையில் ஒருக்களித்துப் படுத்தபடி ஞானதிரவியம் இந்தக் கணக்கை மறுபடியும் ஒரு தடவை சுற்றி வந்தார். சரியாக வந்தது. சரியாக வந்ததுதான் உறுத்தியது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக உதவியாளராக இருப்பவர் அவர். மிச்சமே இல்லாமல் பொருந்துகிற கணக்கைப் பார்த்தால், பையன் விடையை முதலில் தெரிந்துகொண்டு பின்னாலிருந்து எழுதியிருக்கிறான் என்று கண்டுபிடித்துவிடுவார். இப்போது அந்தப் பையன் அவரேதானோ? சனிக்கிழமை மதியம், இரண்டு மணி பத்து நிமிடம். பழைய ஆம்னி வேன் வீட்டின் பக்கவாட்டில் வேப்பமரத்தடியில் நின்றது. பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலகை போட்டு மெத்தை விரித்திருந்தார். பலகைக்கு அடியில் பேட்டரி, அதன் பக்கத்தில் இன்வெர்ட்டர், கால்மாட்டில் வீட்டு டேபிள் ஃபேன். அது தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கோடியிலும் ஒரு டக். அவருக்கு அந்தப் பக்கம் மகள் பெனிட்டா மல்லாந்து படுத்திருந்தாள். பதினேழு வயது. கண்கள் திறந்திருந்தன. அவள் தூங்க வேண்டும். வீட்டுச் சுவரில் செருகாமல், இந்தப் பேட்டரியில் ஓடுகிற ஃபேனுக்கு முன்னால் அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தூங்கிக் காட்டினால் போதும். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. பேட்டரியில் மாட்டிய மீட்டர் பன்னிரண்டு புள்ளி ஐந்து வோல்ட் காட்டியது. நோட்டில் எழுதினார். கால் மணிக்கு ஒரு அளவு.

டக். பெனி அதிகம் பேசமாட்டாள். நாளுக்கு நாலைந்து சொல். வேண்டும், வேண்டாம், தண்ணி, அப்பா, சில நாள் காரணம் தெரியாமல் ‘பஸ்’. ஆனால் அவள் காது வேறு காது. கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து இந்த ஃபேன் சத்தம் இல்லாமல் அவள் கண் மூடியதில்லை. கரண்ட் போனால் அந்த நொடியே எழுந்து உட்காருவாள், அழுவாள், பிறகு தலையைச் சுவரில் மோதுவாள். அதனால் வீட்டில் முதலில் வாங்கிய பெரிய பொருள் இன்வெர்ட்டர்தான், அலமாரிகூட அதற்கு அப்புறம். வேனில் போய் ஒரு ராத்திரி தங்குவது என்று முடிவானபோது ஞானதிரவியம் உட்கார்ந்து கணக்குப் போட்டார். இந்த ஃபேன் ஐம்பத்தைந்து வாட் தின்கிறது. கடையில் பன்னிரண்டு வோல்ட்டிலேயே ஓடுகிற புது ஃபேன் வந்திருக்கிறது, பதினெட்டு வாட். மூன்றில் ஒரு பங்கு! இன்வெர்ட்டரே வேண்டாம். சின்ன பேட்டரி போதும். ராத்திரி முழுக்க ஓடினாலும் விடியும்போது பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். அவ்வளவு அழகான கணக்கை அவர் வாழ்க்கையில் போட்டதில்லை. வாங்கிவந்து கூடத்தில் வைத்து ஓடவிட்டு, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். லீதியாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். முகத்தைக் காற்றில் காட்டினாள். காதைக் கொஞ்சம் சாய்த்தாள். “நல்லாத்தான் இருக்கு, காத்து சும்மா அள்ளுது” என்றாள். “சத்தம் எங்கங்க?” அவ்வளவுதான். சத்தமே இல்லை. சத்தமே போடாது என்பதுதான் அந்த ஃபேனின் பெருமையென்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தான். பதினேழு வருடம் சத்தத்துக்காக ஃபேன் ஓட்டிய மனுஷன், பென்சிலை எடுத்ததும் காற்றுக்குக் கணக்குப் போட்டுவிட்டார். லீதியாள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு. உட்கார்ந்து, தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். “இருவத்தாறு வருஷம் லேப்ல என்னத்த அளந்தியளோ!” அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது என்பது சிரித்து முடித்த பிறகுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

டக். அப்புறம் சத்தத்தைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தார். பழைய ஃபேனின் சத்தத்தை ஒரு மணி நேரம் செல்போனில் பதிந்து, புது ஃபேனுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்தார். பெனி எழுந்து வந்து ஸ்பீக்கருக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டி நின்றாள். காற்றைத் தேடினாள். ஸ்பீக்கரின் பின்பக்கத்துக்குப் போய் அங்கேயும் கையை நீட்டினாள். சத்தம் இருந்தது, காற்றும் இருந்தது, இரண்டும் ஒரே இடத்திலிருந்து வரவில்லை. அவள் அவரைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. பாடத்தைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரைப் பிள்ளைகள் பார்க்கிற பார்வை. பிறகு விலை குறைந்த இன்வெர்ட்டர் ஒன்று. அதில் மாட்டியதும் பழைய ஃபேன் சளி பிடித்த மாதிரி உறுமியது, பெனி காதைப் பொத்திக்கொண்டு அறையை விட்டுப் போய்விட்டாள். அதை லேபுக்குக் கொண்டுபோய்த் திரையில் பார்த்தார். வளைந்து வளைந்து போகவேண்டிய அலை படிக்கட்டு மாதிரிப் போனது. படிக்கட்டில் தடதடவென்று இறங்குகிற மின்சாரம். அடுத்து இந்த இன்வெர்ட்டர், இதில் அலை மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது, மலைச்சரிவு மாதிரி. இருந்தும் முதல் நாள் பெனி புருவத்தைச் சுருக்கினாள். அவருக்கே காரணம் பிடிபட ஒரு வாரம் ஆயிற்று. இன்வெர்ட்டர் இருநூற்று முப்பது வோல்ட் கொடுக்கிறது, சுத்தமாக. அவர்கள் தெருவில் வருவது இருநூற்றைந்து. அவள் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தது இருநூற்றைந்து வோல்ட்டின் சத்தம், சற்றே களைத்த ஃபேனின் சத்தம். ரெகுலேட்டரைப் போட்டு, பொட்டுப் பொட்டாகக் குறைத்து, கூடத்துக்கும் வேனுக்குமாக நடந்து நடந்து, கண்ணை மூடிக் கேட்டு, அந்தக் களைப்பைக் கொண்டுவந்து சேர்த்தார். உலகத்தில் வேறு யாராவது இப்படி ஒரு அளவு எடுத்திருப்பார்களா? இரண்டு இருபத்தைந்து. பன்னிரண்டு புள்ளி நாலு. பெனியின் கண் திறந்திருந்தது. இமைப்பது மட்டும் முன்னைவிட மெதுவாக இருக்கிறதோ.

மெதுவாகத்தான் இருக்கிறது. இல்லை, அப்படி நினைக்கக் கூடாது. நினைத்தால் நடக்காது. இது மூன்றாவது தடவை. முதல் சனிக்கிழமை அவள் ஏறியதும் இறங்கிவிட்டாள். போன சனிக்கிழமை இருபது நிமிடம் படுத்திருந்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடி லீதியாள் சொன்னாள்: “அடுத்த வாரம் ஒரு தடவ பாப்போம். அதுலயும் தூங்கலன்னா விட்டுருங்க. இனிம அதப் பத்திப் பேசவே வேண்டாம். ஆச காட்டாதிய.” குரலில் சண்டை இல்லை. சண்டை இருந்திருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். அவளுடைய ஆசை ரொம்பச் சின்ன ஆசை. மூன்று பேரும் சேர்ந்து, இந்த வீட்டில் இல்லாமல், ஒரு ராத்திரி. பன்னிரண்டு வருடமாக ஒருவர் போனால் ஒருவர் வீட்டில். அவள் அம்மா இறந்தபோது அவள் மட்டும் நாசரேத்துக்குப் போய் மூன்று நாள் இருந்தாள். அடக்கத்தன்று அவர் இங்கே இந்த ஃபேனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருடைய தம்பி கல்யாணத்துக்கு அவர் தனியாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார். ஒரு தடவை துணிந்து ஃபேனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கன்னியாகுமரியில் லாட்ஜில் அறை போட்டார்கள். அந்த அறையின் சுவர் சத்தத்தை எதிரொலித்தது. ஃபேன் இரண்டாகக் கேட்டது. ஒரு மணிக்குப் பெனி அலற ஆரம்பித்தாள். வராந்தாவில் கதவுகள் திறந்தன. மேனேஜர் வந்து, நல்ல மனுஷன்தான், “சார், மத்தவங்களும் தூங்கணும்லா சார்” என்றார். லீதியாள் புடவைகளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவசரமே இல்லாமல், ஓரம் ஓரமாகச் சேர்த்து மடித்தாள். ஞானதிரவியத்துக்கு லாட்ஜ் மறந்துவிட்டது. அந்த மடிப்பு மறக்கவில்லை.

அதனால்தான் தேரி. சுவரே இல்லாத இடம். கூட வேலை பார்க்கிற இசக்கியப்பனுக்குத் திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டு ஓரத்தில் மூணு ஏக்கர் இருந்தது. சிவப்பு மணல் மேடு மேடாகக் கிடக்கும், நடுவில் அங்கொன்று இங்கொன்றாகப் பனை, கொஞ்சம் முந்திரி, தூரத்தில் கண்ணுக்குத் தெரியாத கடல். கேட்டதற்கு இசக்கியப்பன் சோதனைக் குழாயைக் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். “அங்க கரண்டும் கெடையாது, காக்காவும் கெடையாது. அங்க போயி என்னவே செய்யப் போறீரு?” “தூங்கப் போறேன்.” “தூங்கவா? இங்க டிபார்ட்மென்ட் மீட்டிங்லதான் நல்லாத் தூங்குதீரே, அது பத்தாதா?” பிறகு பெனியின் நினைப்பு வந்து அவன் குரலைத் தணித்துக்கொண்டான். “போங்க அண்ணாச்சி. எத்தன நாள் வேணும்னாலும் கெடங்க. வேலியும் கெடையாது, கேக்க ஆளும் கெடையாது.” வேலி கிடையாது. அதை அவன் நல்ல செய்தியாகத்தான் சொன்னான். டக். இரண்டு நாற்பது. மணல் ராத்திரியில் சிவப்பாகவா இருக்கும்? கறுப்பாக இருக்கும். நிலா இருந்தால் காய்ந்த ரத்தத்தின் நிறம், இல்லை, மஞ்சணத்தி மரத்தை வெட்டினால் உள்ளே தெரியுமே, அந்த நிறம். அதன் நடுவில் வேன். வேனுக்குள் மூன்று பேர். லீதியாளின் வளையல் ஒரு தடவை குலுங்கி நிற்கிறது. ஃபேன் சத்தம் கதவு வழியாக வெளியே வழிந்து மணலில் ஊறுகிறது. எத்தனை மணிக்கு? ஒன்பதுக்கு ஆரம்பித்தால் ஆறு வரை. ஐம்பதுக்கு ஐம்பது. உறுத்தியது என்னவென்று திடீரென்று தெரிந்தது. இன்வெர்ட்டர். அது சும்மா இருப்பதற்கே கொஞ்சம் தின்னும். ஃபேனுக்குக் கொடுத்துவிட்டுத் தனக்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. முக்கால் ஆம்பியருக்கு மேலே இருக்கும். அப்படியானால் ஆறேகால், ஆறேகாலுக்குக் கொஞ்சம் மேலே. ஐம்பதை அதனால் வகுத்தால் எட்டு மணி நேரம்கூட முழுசாக வராது. விடியக்காலை ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது காற்று நின்றுவிடும். சூரியன் ஆறுக்கு. நடுவில் ஒரு மணி ஐந்து நிமிடம்.

ஒரு மணி ஐந்து நிமிடம். இன்னொரு பேட்டரி வைக்கலாம். வைத்தால் கால்மாடு போய்விடும். இரண்டு பேர்தான் படுக்கலாம், ஒருவர் முன்சீட்டில் உட்கார்ந்து தூங்கவேண்டும். மூன்று பேரும் ஒன்றாகப் படுப்பதற்காகத்தானே இவ்வளவும்? கூரையில் சோலார் பலகை போடலாம் என்று முன்னே சொன்னபோது லீதியாள், “சூரியன் வந்தா அவளே எந்திரிச்சிருவா, அப்புறம் அது எதுக்குங்க?” என்று கேட்டாள். இன்ஜினை ஓட்டலாம். இன்ஜின் சத்தம் வேறு சத்தம். ஃபேன் நிற்கிறது. டக்குக்கு அப்புறம் டக் இல்லை. பெனி எழுந்து உட்காருகிறாள். நாங்கள் தூங்கிக்கொண்டிருக்கிறோம். இல்லை, தூங்கமாட்டோம். இந்த வீட்டில் பெனி விழித்திருக்கும்போது யாரும் தூங்குவதில்லை. அது சட்டம். யாரும் போட்ட சட்டம் இல்லை, அவளுடைய ஐந்து வயதில் வந்து உட்கார்ந்துகொண்ட சட்டம். அன்றைக்கு இரண்டு பேரும் அசந்துவிட்டார்கள். அதிகாலையில் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு மெயின் ரோட்டுக்குப் போய் நடுவில் நின்றிருக்கிறாள். முதல் பஸ் வந்திருக்கிறது. டிரைவர் மிதித்த மிதியில் பஸ் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றிருக்கிறது. கண்டக்டர் அவளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தார். “யாரு பிள்ள இது? யாரு பிள்ள?” அந்தக் குரல் கிட்டே வந்து வந்து, கடைசியில் தங்கள் கதவில் தட்டியது. லீதியாள் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். கண்டக்டர் வாசற்படியிலேயே உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். பிள்ளை அழக்கூட இல்லை. அன்றிலிருந்து பெனியின் மூச்சு மாறும்வரை இரண்டு பேரில் ஒருவர் விழித்திருந்தார்கள். ராத்திரி எழுந்தால் கூடவே எழுந்தார்கள். தூக்கத்தில் மூச்சு ஒரு படி இறங்கி அகலமாகும், அந்த இடம் தெரியும், இருட்டிலும் தெரியும். அது தெரிந்த ஆட்கள் உலகத்தில் இரண்டே பேர். அவருக்கு ஐம்பத்திமூன்று. லீதியாளுக்கு நாற்பத்தொன்பது. இந்த ஃபேனுக்கு இருபது இருக்கும், உள்ளே அச்சைப் பிடித்திருக்கும் புஷ் தேய்ந்துவிட்டது, இந்த மாடல் இப்போது வருவதில்லை. வண்ணாரப்பேட்டையில் பழைய சாமான் கடையில் இதே ஃபேன் ஒன்று கிடைத்து வாங்கிப் பரண்மேல் வைத்திருக்கிறார், லீதியாளிடம்கூடச் சொல்லவில்லை. ஓட்டிப் பார்த்ததில் சத்தம் ஒரு நூல் வேறு. ஒரு நூல். எங்களுக்கு அப்புறம் யார் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு, எந்த ரெகுலேட்டரில், எந்தப் புள்ளியில்... டக். இரண்டு ஐம்பத்தைந்து எழுதவேண்டும். பேனா எங்கே? வேப்பம்பூ வாசம் வந்தது. காற்று காலிலிருந்து முகத்துக்கு வந்து, முகத்திலிருந்து போய், வந்து. கண்டக்டர் பனைமரங்களில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தார். யாரு பிள்ள? பனைகள் ஒன்றும் சொல்லவில்லை. மணல் சூடாக இருந்தது, சாப்பாட்டுத் தட்டின் அடிப்பக்கம் மாதிரி, அதில் கன்னத்தை வைத்தால் நன்றாக இருந்தது. யாரோ தன் மேல் ஏறித் தாண்டிப் போன மாதிரி இருந்தது. லீதியாளாக இருக்கும், பைபிளை எடுக்கப் போகிறாள், அவள்தான் பார்த்துக்கொள்வாள், சரி, சரி.

கண்ணை விழித்தபோது வெயில் வேனின் மறுபக்கத்துக்கு வந்திருந்தது. முதலில் பார்த்தது கடிகாரம். நாலேகால். திரும்பினார். பெனி இருந்தாள். மல்லாந்து, கண் திறந்து, ஜன்னலில் வேப்பங்கிளையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கதவு ஒரு சாண் அல்ல, முழுசாகத் திறந்திருந்தது. அவள் பாதங்களில் மண் ஒட்டியிருந்தது, ஈர மண், விரலிடுக்கில் ஒரு வேப்பம்பூ. ஏறும்போது செருப்பைக் கழற்றித் துடைத்துவிட்ட பாதங்கள் அவை, அவரே துடைத்தார். “பெனி,” என்றார். “எங்க மக்கா போன?” வேன் கதவருகே லீதியாள் நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. அவள் கையில் ஒன்றும் இல்லை. உள்ளங்கை இரண்டிலும் குறுக்கே சிவப்பாகக் கோடு கோடாக ஜன்னல் கம்பியின் தடம் இருந்தது.

“தூங்குனாளா?” என்றாள்.

அவர் பொய் சொல்லியிருக்கலாம். “இல்ல,” என்றார். “நான் தூங்கிட்டேன்.”

“தெரியும். கொறட்ட அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு.” அவள் வேனின் படியில் உட்கார்ந்தாள். அவரைப் பார்க்காமல், வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். “மூணு மணி இருக்கும். உங்களத் தாண்டி எறங்குனா. குழாயடிக்குப் போயிக் கால நனச்சா. அப்புறம் நேரா கேட்டுக்குப் போனா. நான் ஜன்னல்ல நிக்கேன்.”

“கேட்டு பூட்டலயே லீதியா!”

“பூட்டல.”

“நீ ஓடி வரலயா?”

“வரல.”

“ஏன்?”

“தெரியல,” என்றாள். “காலு வந்துச்சு, கம்பிய விட கை வரல. பாக்கணும் போல இருந்துச்சு. இத்தன வருஷத்துல நம்ம ரெண்டு பேரும் அவ கைய விட்டுட்டுப் பாத்ததே இல்லல்லா? கேட்டத் தொறந்தா. ரோட்டப் பாத்துக்கிட்டு நின்னா. ஒரு சைக்கிள் போச்சு, ஒரு ஆட்டோ போச்சு. தலைய இப்பிடிச் சாச்சு நின்னா, எதையோ கேக்குற மாதிரி. அப்புறம் கேட்டச் சாத்துனா. அவளே சாத்துனா, கொக்கியப் போட்டா. திரும்பி வந்தா. உங்க மேல மிதிக்காமத் தாண்டி, எடத்துல போயிப் படுத்துட்டா. அதுக்கப்புறம் ஒரு மணி நேரமா இப்பிடியே கெடக்கா. நீங்க தூங்குதிய, அவ முழிச்சிருக்கா.”

ஞானதிரவியம் பக்கத்தில் கிடந்த நோட்டைப் பார்த்தார். இரண்டு நாற்பதோடு எழுத்து நின்றிருந்தது. அடுத்த கட்டங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. எத்தனையோ மாணவர்களிடம், எதை அளக்கிறோம் என்று முதலில் தெரிந்துகொண்டு அப்புறம் மீட்டரைத் தொடு என்று சொல்லியிருக்கிறார். அவள் தூங்குகிறாளா என்றுதான் மூன்று சனிக்கிழமை அளந்தார். அவள் விழித்திருக்கும்போது வீடு தூங்க முடியுமா என்று அளக்கத் தோன்றவே இல்லை. அது கேள்வி என்றே தெரிந்திருக்கவில்லை. “விடியுறதுக்கு முன்னால ஒரு மணி அஞ்சு நிமிஷம் பத்தாது,” என்றார், ஒப்புக்கொள்கிற குரலில். “பேட்டரி. ஃபேன் நின்னுரும்.”

“நின்னா முழிச்சுக்குவா. அழுதாலும் அழுவா. அங்க யாரு வந்து கதவத் தட்டப் போறா?” என்றாள் லீதியாள். மடியில் விழுந்த வேப்பம்பூவைத் தட்டிவிட்டு, “வர்ற சனிக்கெழம,” என்றாள். அப்புறம், “தள்ளிப் படுங்க. எம்புட்டு எடம் இருக்குன்னு பாப்போம்.”

அவர் தள்ளிப் படுத்தார். அவள் ஏறி இரண்டு பேருக்கும் நடுவில் ஒருக்களித்தாள். இடம் நெருக்கமாகத்தான் இருந்தது. அவள் முழங்கை மீட்டரை மறைத்தது. கையை எடு என்று சொல்ல வாயைத் திறந்தவர், அவள் மூச்சு ஒரு படி இறங்கி அகலமாவதைக் கேட்டார். நாலரை மணிக்கு, பால் காய்ச்சாமல், வாசல் தெளிக்காமல், லீதியாள் தூங்கிவிட்டாள். பெனி விழித்திருந்தாள். ஞானதிரவியம் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.